சமூக ஊடகத் தரவு: டென்மார்க்கில் திரட்டுவதும் அலசுவதும்

கேள்வியை முதலில் எழுதுங்கள்

சமூக ஊடகத் தரவைக் கையில் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான். அதற்கான விடை இந்த அத்தியாயத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முன், நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் தரவு திரட்டும் நேரம் இன்னும் வரவில்லை.

டென்மார்க் மனித உரிமைக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவர்களுக்கு எப்போதும் முன்மாதிரியாகச் சொல்வேன். டி.ஆர்., டிவி 2 என்ற இரண்டு பெரிய செய்தி நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கங்களில் வரும் கமெண்டுகளில் வெறுப்புப் பேச்சு எவ்வளவு, அது யாரைக் குறிவைக்கிறது? இதுதான் கேள்வி. எடுத்துக்கொண்டது 2,996 கமெண்டுகள். ஏழில் ஒன்று வெறுப்புப் பேச்சு என்று தெரிந்தது. கோடிக்கணக்கில் தரவு இல்லை, பெரிய கணினி இல்லை. சுமார் 60 லட்சம் மக்கள் வாழும் ஒரு நாட்டின் பொது விவாதத்தைப் பற்றி உறுதியாக ஒன்றைச் சொல்ல மூவாயிரம் கமெண்டுகள் போதுமாக இருந்தன. கேள்வி அவ்வளவு தெளிவாக இருந்தது.

உங்கள் கேள்வியும் அப்படிக் கைக்கு அடங்குவதாக இருக்கட்டும். "டென்மார்க் தமிழர்கள் சமூக ஊடகத்தில் என்ன பேசுகிறார்கள்?" என்பது கேள்வியே இல்லை. "டென்மார்க்கில் நடக்கும் கோயில் திருவிழாக்களின் யூடியூப் காணொளிகளுக்குக் கீழே இளையவர்கள் எந்த மொழியில் எழுதுகிறார்கள்?" என்பது கேள்வி. எந்தக் காணொளிகள், எந்த ஆண்டுகள், எத்தனை கமெண்டுகள் என்ற முடிவுகள் அதிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

மூடிய கதவுகளும் திறந்த கதவுகளும்

நிறுவனங்கள் தம் தரவை நிரல் வழியாக வெளியே கொடுக்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். பத்தாண்டுகளுக்கு முன் இந்த வாசல்கள் அகலத் திறந்திருந்தன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ரீடர் உருவாக்கிய நெட்விஸ் என்ற சிறு கருவியை வைத்து, நிரல் எழுதத் தெரியாதவர்கூட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தின் பதிவுகளையும் கமெண்டுகளையும் இறக்கிக்கொள்ள முடிந்தது. கோபன்ஹேகன் வணிகப் பள்ளியில் ரவி வத்ராபுவின் குழு சோடாட்டோ என்ற கருவியைக் கட்டி, நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கங்களில் நடப்பதற்கும் அவற்றின் விற்பனைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது.

2018 மார்ச்சில், ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அவர்கள் அறியாமல் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. ஃபேஸ்புக் தன் வாசல்களை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கியது. ஆல்போர்க் பல்கலைக்கழகத்தின் கோபன்ஹேகன் வளாகத்தில் இயங்கும் தொழில்நுட்ப மானுடவியல் ஆய்வுக்கூடத்தினர், அந்தக் கடைசிக் காலத்துக்குள் டேனிஷ் மொழிப் பொதுப் பக்கங்களின் விவாதத்தைப் பெரிய அளவில் திரட்டி வைத்திருந்தார்கள். இன்று அதே முறையில் அதைத் திரும்பத் திரட்ட யாராலும் முடியாது. ட்விட்டர் 2021 ஜனவரியில் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் திறந்த வாசலை 2023-இல் மூடியது. ஃபேஸ்புக் பதிவுகளைப் பின்தொடரச் செய்தியாளர்கள் பெரிதும் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவி 2024 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய பாடநூல்களிலும் காணொளிகளிலும் காட்டப்படும் வழிகளில் பாதிக்கு மேல் இன்று வேலை செய்யாது. ஒரே கருவியை நம்பி ஆய்வுத் திட்டம் போடாதீர்கள். அந்த வாசல் நாளை மூடினால் எதை வைத்துக் கேள்விக்கு விடை தேடுவீர்கள் என்பதையும் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

தொடக்கக்காரருக்கு இப்போது நான் பரிந்துரைப்பது யூடியூப். அதன் ஏபிஐ ஒரு நாளுக்கு 10,000 அலகுகள் இலவசமாகத் தருகிறது. ஒரு தேடலுக்கு 100 அலகு செலவாகும். ஆனால் கமெண்டுகளை இறக்க ஒரு கோரிக்கைக்கு 1 அலகுதான், அதில் 100 கமெண்டுகள் வரை கிடைக்கும். ஆகவே தேடலை ஏபிஐயில் செய்யாதீர்கள். காணொளிகளை நீங்களே பார்த்துத் தேர்ந்து, அடையாள எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, கமெண்டுகளுக்கு மட்டும் ஏபிஐயைப் பயன்படுத்துங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ரீடரே உருவாக்கிய யூடியூப் டேட்டா டூல்ஸ் உதவும்.

ஏபிஐ தராத தளங்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஸீஷ்காய்மர் என்ற உலாவி நீட்சி, நீங்கள் டிக்டாக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை உருட்டிப் பார்க்கும்போது திரையில் வருவதைப் பதிவு செய்துகொள்ளும். அதை ஃபோர்கேட் என்ற கருவிக்கு அனுப்பி அலசலாம். இரண்டுமே ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இலவசமாகத் தருபவை. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். உங்கள் கணக்குக்குத் தளம் எதைக் காட்டத் தீர்மானித்ததோ அதுதான் பதிவாகும். புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் வேறு எதையும் பார்க்காமல், இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சட்டம் திறந்த வாசலும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம், மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் கொண்ட தளங்கள் பொதுவில் உள்ள தரவை ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. 2025 அக்டோபர் 29 முதல், அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர்கள் தளங்களின் உள்தரவையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். இது வெற்றுத் தாள் இல்லை. 2025 டிசம்பரில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 12 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, ஆய்வாளர்களுக்குத் தரவு தராததும் அதற்கான காரணங்களில் ஒன்றாக இருந்தது. தனியாக விண்ணப்பிப்பதைவிட ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து போவது நல்லது.

பழையதைத் தேடுபவர்கள் நெட்டார்கிவெட்டை மறக்கக் கூடாது. 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி டென்மார்க்கின் இணையத்தைச் சேமிக்கும் தேசிய ஆவணக் காப்பகம் அது. நாட்டின் முழு இணையத்தையும் ஆண்டுக்குச் சில முறை வலம் வருவதோடு, தேர்தல் போன்ற பெரிய நிகழ்வுகளைத் தனியாகவும் சேமிக்கிறது. அதில் தனிநபர்களின் அந்தரங்கமான விவரங்கள் கலந்திருப்பதால் எல்லாருக்கும் திறந்ததில்லை. ஆய்வு நோக்கத்தை எழுதி அனுமதி பெற வேண்டும்.

தேடுசொல்லில்தான் பாதி ஆய்வு

தரவு திரட்டுவதில் பலர் அரை மணி நேரம்கூடச் செலவிடாத இடம் இது. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

ஆர்ஹுஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அதன் பெயரை, மேலே சிறு வளையம் போட்ட ஒற்றை எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். 2011 முதல் நகராட்சி இரட்டை 'ஏ'வுக்கு மாறியது. மக்கள் இன்றும் இரண்டையும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தேடினால் ஒரு பகுதி போய்விடும். யார் எதை எழுதுகிறார்கள் என்பது வயதோடும் தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால், போவது தாறுமாறான ஒரு பகுதியாகவும் இருக்காது.

டேனிஷ் மொழி சொற்களைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதும். "தமில்" என்று டேனிஷ் தரவில் தேடிப் பாருங்கள். தமிழ் மக்களைப் பற்றிய பேச்சுக்குப் பதிலாக "தமில்சேயன்" என்ற கூட்டுச்சொல் குவியும். தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேர்வதற்கான விண்ணப்பங்களை 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் முடக்கி வைத்த விவகாரம் அது. 1993-இல் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பதவி விலகவும், 1995-இல் நின்-ஹான்சன், அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவும் காரணமானது. அதற்குப் பிறகு அந்த நீதிமன்றம் மீண்டும் கூடியது 2021-இல், முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டாய்பெர்க்கின் வழக்குக்காக. அந்த ஆண்டுத் தரவில் "தமில்" என்ற சொல் திடீரென்று உயர்ந்தால், அதைப் பார்த்துத் தமிழர் மீது கவனம் கூடியது என்று எழுதிவிடாதீர்கள். பேசப்பட்டது அமைச்சரின் பொறுப்பு. முடிவு எழுதும் முன், கிடைத்தவற்றில் நூறை எடுத்துக் கண்ணால் படிப்பது ஒன்றே இதற்கு மருந்து.

தமிழ்ப் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமே மாறுகிறது. "கோயில்" என்று முழுச்சொல்லாகத் தேடினால் "கோயிலுக்கு" கிடைக்காது, "கோவில்" என்று எழுதுபவர்கள் முற்றிலும் விடுபடுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவோர் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். கமெண்டுகளை முதலில் கொஞ்சம் படித்து, மக்கள் எழுதும் வடிவங்களைப் பட்டியலாக்கி, பிறகு தேடுங்கள். பட்டியலில் எந்தச் சொல்லை எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

இன்னொரு நுட்பம் இரண்டு மொழிக்கும் பொது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியோடு, அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக. திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். டேனிஷின் வளையமிட்ட எழுத்துக்கும் இதே கதைதான். எண்ணத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு சீராக்கத்தைச் செய்யுங்கள். பைத்தான் நிரல்மொழியில் அது ஒரே வரி வேலை.

சேமிக்கும்போது

மூலக்கோப்பைத் தொடவே தொடாதீர்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தால் தமிழ் எழுத்துகள் சிதையலாம். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட பதிவு எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். கழித்தல் குறியில் தொடங்கும் யூடியூப் எண்ணை எக்செல் கணக்கு என்று நினைத்துக்கொள்ளும். "தரவை இறக்குமதி செய்" என்ற வழியில் சென்று, எண் உள்ள பத்திகளை உரை என்று அறிவித்துத் திறக்க வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். தளங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் தேதியிடுகின்றன. டென்மார்க் குளிர்காலத்தில் அதைவிட ஒரு மணி, கோடையில் இரண்டு மணி முன்னால் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முடிவு இரவில், நள்ளிரவு தாண்டி 12.30-க்கு எழுதிய கமெண்ட் தரவில் 1ஆம் தேதி 23.30 என்றே இருக்கும். நாள்வாரியாக எண்ணுபவர்கள் முதலில் நேரத்தை மாற்றுங்கள்.

அலசல்: கையும் கணினியும்

பதிவுகளின் தொனி நேர்மறையா எதிர்மறையா என்று அளக்கும் உணர்ச்சி அலசலைச் செய்யும் பலருக்கு, தாங்கள் பயன்படுத்தும் சொற்பட்டியல் டென்மார்க்கில் பிறந்தது என்று தெரியாது. 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டை ஒட்டி எழுதப்பட்ட ட்விட்டர் பதிவுகளை அளக்க, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபின் ஓரப் நீல்சன் ஆங்கிலச் சொற்களுக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தொடங்கினார். அதுதான் ஏஃபின். 2011-இல் அதில் 2,477 சொற்கள் இருந்தன. பிறகு டேனிஷ் பட்டியலும் வந்தது. இதே பட்டியலைக் கொண்டு நீல்சனும் கோபன்ஹேகன் வணிகப் பள்ளி ஆய்வாளர்களும் எந்தப் பதிவுகள் அதிகம் பகிரப்படுகின்றன என்று பார்த்தார்கள். செய்தி சார்ந்த பதிவுகளில் எதிர்மறையானவையும், செய்தி அல்லாதவற்றில் நேர்மறையானவையும் அதிகம் பரவின. பட்டியலின் அழகு அதன் வெளிப்படைத்தன்மை. ஒரு பதிவுக்கு ஏன் அந்த மதிப்பெண் வந்தது என்று சொல்லுக்குச் சொல் காட்ட முடியும்.

அதன் எல்லையும் அதே இடத்தில் இருக்கிறது. ஒரு பாடகரின் காணொளிக்குக் கீழே "கொன்னுட்டான்யா!" என்று எழுதியிருந்தால் அது பாராட்டு. சொற்பட்டியல் அதைக் கொலை என்று எண்ணும். ஆங்கிலப் பட்டியலைத் தமிழுக்கு மொழிபெயர்த்து ஓட்டும் குறுக்குவழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி வரும் எண்ணுக்குத் துல்லியம் இருப்பதுபோல் தோன்றும். பொருள் இருக்காது.

கையால் குறியிடுவதே அடிப்படை. முதலில் ஒரு விதிப்புத்தகம் எழுதுங்கள்: எதை வெறுப்பு என்போம், எதைக் கடும் விமர்சனம் என்போம், கிண்டலை எதில் சேர்ப்போம். இருநூறு கமெண்டுகளை இரண்டு பேர் ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்காமல் குறியிடட்டும். பிறகு ஒப்பிடுங்கள். தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு உண்மையான ஒப்புதலைத் தரும் அளவைகள் இரண்டு பரவலாக உள்ளன: கோஹனின் கப்பா, கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா. ஆல்ஃபா 0.8-ஐத் தாண்டினால் நம்பலாம், 0.667-க்குக் கீழே இருந்தால் அந்தத் தரவில் முடிவு எழுதாதீர்கள். குறைந்த எண் வந்தால் குறியிட்டவரைக் குறை சொல்ல வேண்டாம், விதிப்புத்தகத்தைத் திருத்துங்கள். இருவரும் முரண்பட்ட கமெண்டுகளை உட்கார்ந்து பேசுவதுதான் இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத்தரும் நேரம். ஊர்ப்பேச்சு தெரிந்தவரும், டேனிஷ் பள்ளியில் படித்து வளர்ந்தவரும் ஒரே கமெண்டை வேறு வேறாக வாசிப்பார்கள். இருவரையும் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் குறியிட்டது கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் கணினிக்குக் கற்பிக்க முடியும். கோபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2020-இல் வெளியான டிகேஹேட் தொகுப்பில் இருப்பது 3,600 கமெண்டுகள்தான். ஃபேஸ்புக்கிலிருந்தும் ரெடிட்டிலிருந்தும் எடுத்தவை. அந்தச் சிறு தொகுப்பு, டேனிஷை அரபு, ஆங்கிலம், கிரேக்கம், துருக்கி மொழிகளோடு ஒரே பன்னாட்டுப் போட்டியில் நிற்க வைத்தது. அடுத்த ஆண்டு அனாலிசே அண்ட் தால் என்ற கோபன்ஹேகன் கூட்டுறவு நிறுவனம் மொழித் தாக்குதலைக் கண்டறியும் நிரலைப் பயிற்றுவித்து, 6 கோடிக்கு மேற்பட்ட ஃபேஸ்புக் கமெண்டுகளை அலசியது. நிரலை எல்லாருக்கும் திறந்தும் வைத்தது. தமிழுக்கும் தொடக்கம் இருக்கிறது. பாரதி ராஜா சக்ரவர்த்தியின் குழு திரைப்பட முன்னோட்டக் காணொளிகளின் கமெண்டுகளிலிருந்து 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பதிவுகளைக் குறியிட்டு 2020-இல் வெளியிட்டது. தமிழும் டேனிஷும் கலந்த பேச்சுக்கு அந்தத் தொகுப்பு நேரடியாகப் பொருந்தாது. உங்கள் தரவில் சில நூறைக் குறியிட்டுச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது கேள்வியானால் வலையமைப்பு அலசல் வேண்டும். கெஃபி என்ற இலவச மென்பொருள் போதும். அது வரையும் படம் கண்ணைக் கவரும், அதனாலேயே ஆபத்தானது. படத்தில் அருகருகே இருப்பதெல்லாம் நெருக்கம் அல்ல, வரையும் முறையை மாற்றினால் இடமும் மாறும். படத்தில் தோன்றுவதை எண்ணாலும் காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

அந்தப் படத்தின் புள்ளிகள் எல்லாம் மனிதர்கள் என்றும் நினைக்க வேண்டாம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சூன லேமன் குழு 39 தானியங்கிக் கணக்குகளை ட்விட்டரில் நடமாட விட்டது. மனிதர்கள் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள், அவை தொடங்கிய குறிச்சொற்களைப் பகிர்ந்தார்கள். ஒரே செய்தி பல கணக்குகளிலிருந்து வரும்போது அதை ஏற்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது 2017-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. உங்கள் தரவிலும் அப்படிப்பட்ட கணக்குகள் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள்.

கண்ணில் படுவதெல்லாம் எடுத்துக்கொள்வதற்கு அல்ல

2016 மே மாதம், ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உள்ளிட்ட சிறு குழு ஓகேகியூபிட் என்ற இணை தேடும் தளத்திலிருந்து சுமார் 70,000 பேரின் விவரங்களை நிரல் வழியாக எடுத்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வைத்தது. பயனர் பெயர், வயது, இடம், பாலியல் விருப்பம், அந்தரங்கமான கேள்விகளுக்கு அவர்கள் தந்த விடைகள் எல்லாம் அதில் இருந்தன. பெயர்களை மறைக்கக்கூட முயலவில்லை. தரவு ஏற்கெனவே பொதுவில்தானே இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். உலகெங்கும் ஆய்வாளர்கள் கொதித்தார்கள். பல்கலைக்கழகம் தனக்குத் தொடர்பில்லை என்றது. தளத்தின் பதிப்புரிமைப் புகாரால் கோப்பு நீக்கப்பட்டது. அதற்குள் இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெற வழியில்லை. இணை தேடி எழுதியவர் இணை தேடுபவர்களுக்காக எழுதினார். அதை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லும் உரிமையை அவர் யாருக்கும் தரவில்லை.

அதே நாட்டில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, லேமனும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிரையர் லாசனும் சேர்ந்து சுமார் ஆயிரம் மாணவர்களுக்குக் கைப்பேசி கொடுத்து ஓர் ஆய்வை நடத்தினார்கள். யார் யாருக்கு அருகில் இருந்தார்கள், யாரை அழைத்தார்கள், ஃபேஸ்புக்கில் யார் நண்பர்கள் என்றெல்லாம் பதிவானது. ஓகேகியூபிட் தரவைவிட நெருக்கமான தரவு இது. ஆனால் ஒவ்வொருவரும் கேட்டுத் தெரிந்து ஒப்புக்கொண்டார்கள். தம் தரவைப் பார்க்கவும் விலகவும் வழி இருந்தது. 2019-இல் எழுநூற்றுச் சொச்சம் பேரின் நான்கு வாரத் தரவை மட்டும் தேர்ந்து வெளியிட்டபோது, பெயரும் இருப்பிடமும் அழைப்பின் உள்ளடக்கமும் அதில் இல்லை. இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பத்தாவது பிரிவில், சமூகத்துக்கு முக்கியமான ஆய்வுக்கென அந்தரங்கமான தரவைக் கையாள இடம் தருகிறது. அதே பிரிவு, அப்படித் திரட்டியதைப் பிறகு வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தத் தடையும் விதிக்கிறது. மதம், அரசியல் கருத்து, இனம் இவை ஐரோப்பியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்புப் பெற்றவை. கோயில் காணொளிக்குக் கீழே எழுதிய கமெண்ட் மதத்தையும் வெளிப்படுத்தும், இனத்தையும் வெளிப்படுத்தும். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடம் திரட்டும் முன்பே பேச வேண்டும், பின்பு அல்ல.

சட்டத்துக்கு மேலும் ஒன்று உண்டு. ஹெர்னிங், வைலெ, பிராண்டே போன்ற ஊர்களில் தமிழர் ஒருவரை ஒருவர் அறிவார்கள். "நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்" என்று பெயரில்லாமல் எழுதினாலும் ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். கமெண்டை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறி ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே கமெண்டுகளின் கருத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பயனர் பெயர்களைத் திரட்டிய அன்றே குறியெண்ணாக மாற்றி, இரண்டையும் இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவைப் பற்றி அட்டவணை போடாதீர்கள். இந்த ஊர்களின் தமிழர்களில் பலர் போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தினர். ஒரு பட்டியலில் தம் பெயர் இருப்பது என்ன விளைவு தரும் என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆய்வு முடிந்ததும் முடிவைத் தமிழிலும் டேனிஷிலும் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, தரவு எடுத்த பக்கங்களை நடத்துபவர்களுக்கு அனுப்புங்கள். மூலத்தரவை அழிக்கும் நாளைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே குறித்து, அந்த நாளில் அழித்துவிடுங்கள். உங்கள் விதிப்புத்தகத்தையும் தேடுசொல் பட்டியலையும் நிரலையும் மட்டும் பொதுவில் வெளியிடுங்கள். தமிழும் டேனிஷும் கலந்து பேசும் தலைமுறையின் மொழியை அலச அடுத்து வருபவருக்கு அவைதான் வேண்டும்.